ஆரம்பப் பாடத்துக்குத்தான் அனுபவம் வேண்டும்: காட்பாடியில் ஒரு பியானோ வகுப்பு

பிள்ளைக்குப் பியானோ கற்றுத்தர வேண்டும் என்று வேலூரில் யாரிடமாவது யோசனை கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "முதல்ல பக்கத்துத் தெருவுல ஏதாவது கீபோர்டு கிளாஸ்ல சேத்து விடுங்க. ரெண்டு மூணு கிரேடு ஏறட்டும். அப்புறம் பெரிய ஆளா பாத்துக்கலாம்." கிரேடு என்பது மேல்நாட்டு இசைத் தேர்வின் படி, மொத்தம் எட்டு. நல்லெண்ணத்தில் சொல்வதுதான். செலவும் குறைவு, அலைச்சலும் குறைவு. ஆனால் பியானோ விஷயத்தில் இந்த வரிசையே தலைகீழ் என்று நான் நினைக்கிறேன். அப்படி நினைப்பதற்கான காரணங்களை ஒரு வகுப்பில் கண்ணால் பார்த்தேன்.

காட்பாடி காந்தி நகரில் ஒரு பெண் பியானோ கலைஞர் வகுப்பு ஆரம்பித்தார். இருபது வருடங்களுக்கு மேல் சென்னையில் பாடகர்களுக்கும் பாடகர் குழுக்களுக்கும் உடன் வாசித்தவர், ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை செய்தவர். வயதான தாயாரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பினார். இத்தனை அனுபவம் உள்ளவர், மேல்நிலை மாணவர்களை விட்டுவிட்டு, ஆரம்பநிலையில் இருப்பவர்களை மட்டும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது பலருக்கு ஆச்சரியம். சேர்ந்தவர்களில் மூன்று பேரின் முன்னேற்றத்தை ஏறத்தாழ ஒரு வருடம் கவனித்து எழுதியது இந்த ஆய்வு. வகுப்பில் ஓரமாக உட்கார ஆசிரியரும் மாணவர்களும் பெற்றோரும் சம்மதித்தார்கள். பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். நான் சர்ச் பாடகர் குழுவில் நெடுங்காலமாக டெனர், அதாவது ஆண்களின் உயர்ந்த குரல், பாடுகிறவன். பியானோவைப் பக்கத்தில் நின்று கேட்டே பழகிய காது என்னுடையது. அந்த இடத்தில் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊரும் கருவியும்

வேலூருக்கு மேல்நாட்டு இசை புதிதில்லை. கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் ஆலயம் 1846இல் கட்டப்பட்டது. 1853இல் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் ஆற்காடு மிஷன் தொடங்கியது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. இந்த வரலாற்றோடு சேர்ந்து நாலு குரல் பாட்டும் ஊருக்குள் வந்தது. டிசம்பர் நெருங்கினால் கேரல் ஒத்திகைச் சத்தம் கேட்கும். பழைய பாடகர்கள் சிலர் இன்றும் கோடுகளுக்குப் பதில் எழுத்துகளால் சுரத்தைக் குறிக்கும் டானிக் சோல்ஃபாவைப் பார்த்துத்தான் பாடுவார்கள். ஆக, கேட்டுப் பழகிய காது இங்கே உண்டு. கைகள் பழகியது மட்டும் ஆர்மோனியத்திலும் எலக்ட்ரானிக் கீபோர்டிலும்.

பார்வைக்கு ஆர்மோனியம், கீபோர்டு, பியானோ மூன்றும் ஒன்றுபோல இருப்பதால்தான் குழப்பமே வருகிறது. ஆர்மோனியத்தில் காற்று இருக்கும்வரை நாதம் நிற்கும். கீபோர்டில் ஆர்கன் அல்லது ஸ்ட்ரிங்ஸ் சத்தம் வைத்தால் விரலை எடுக்கும்வரை ஒலி அப்படியே இருக்கும். பியானோவில் சுத்தியல் கம்பியை ஒருமுறை அடிக்கும், அவ்வளவுதான். ஒலி பிறந்த கணத்திலிருந்தே தேய ஆரம்பித்துவிடும். எவ்வளவு வேகத்தில் கீ இறங்குகிறதோ அவ்வளவு சத்தம். கீ ஏறத்தாழ 10 மில்லிமீட்டர்தான் கீழே போகும். அது அடிமட்டத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் இயந்திரத்திலிருந்து விடுபட்டுத் தன் போக்கில் பறந்துபோய்க் கம்பியை அடிக்கிறது. 1700 வாக்கில் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் பார்த்தொலொமியோ கிறிஸ்தோஃபோரி கண்டுபிடித்த ஏற்பாட்டின் சாரம் இதுதான். சுத்தியல் கிளம்பிய பிறகு விரல் என்ன செய்தாலும் அந்த ஒலி மாறாது. தேய்கிற ஒலியை வைத்துக்கொண்டு ஒரு பாட்டைப் பாடவைப்பது எப்படி என்பதுதான் பியானோ கலையின் மையக் கேள்வி. முதல் பாடத்திலேயே எழும் கேள்வி இது. எட்டாம் கிரேடு வரை காத்திருக்காது.

ஆசிரியரிடம் இருப்பது சுவரோடு நிற்கும் பழைய அப்ரைட் பியானோ. 88 கீகள், இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள், எல்லாம் சேர்ந்து 15 டன்னுக்கு மேல் இழுவிசை. வேலூர் வெயிலில் கோடை வந்தால் உள்ளே இருக்கும் ஒலிப்பலகை காய்ந்து சுருங்கி, சுருதி இறங்கும். ஐப்பசி மழையில் ஈரம் குடித்து உப்பி, சுருதி ஏறும். வருடத்துக்கு இரண்டு முறை சென்னையிலிருந்து டியூனர் வந்து போகிறார். அந்தச் செலவு வகுப்புக் கட்டணத்தில் பெரும் பங்கைத் தின்றுவிடுகிறது. இருந்தாலும் ஆசிரியர் அதில் கைவைக்கவில்லை. "சுருதி விலகின கருவியில ஆரம்பிச்ச காது அதையே சரின்னு நம்பிடும்" என்பார்.

முதல் ஆறு வாரம்

வகுப்பு எடுத்த எடுப்பில் நன்றாகப் போகவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு நேர்மையாக இருக்காது.

ஆசிரியர் வாசித்துக் காட்டுவார், மாணவர் திருப்பி வாசிக்க வேண்டும். அவர் வாசித்தால் அறையே நிறையும். குழந்தைகள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு தங்கள் முறை வந்ததும் அதே வேகத்தில் போக முயன்று தடுமாறுவார்கள். "இப்படி வெச்சுக்கோ, இப்படித் திருப்பு" என்பார். அந்த 'இப்படி' அவர் கையில் நாற்பது வருடமாக ஊறியது. எந்த மூட்டு எப்போது அசைகிறது என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. தேர்ந்த கைக்குள் படிகளெல்லாம் மறைந்துபோயிருந்தன. அனுபவசாலிகள் ஆரம்பநிலைக்குச் சரிப்பட மாட்டார்கள் என்று சொல்பவர்கள் காட்டும் காரணம் இதுதான். அந்தக் கட்டம்வரை அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அதற்கப்புறம் அவர் செய்ததைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன். செல்போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, தன் கையைப் பக்கவாட்டிலிருந்து ஸ்லோ மோஷனில் படம்பிடித்தார். மிகச் சாதாரணமான ஐந்து சுரங்கள்தான். பார்த்தபோது, ஒவ்வொரு இசைச் சொற்றொடரின் முதல் சுரத்துக்கும் முன்னால் மணிக்கட்டு லேசாகத் தணிவதும், கடைசிச் சுரத்தில் மெல்ல எழும்புவதும் தெரிந்தன. கட்டைவிரல் உள்ளே போகும்போது முழங்கை ஒரு நூல் அளவு வெளியே நகர்ந்தது. அன்றிலிருந்து மாணவர் கற்கும் பாட்டை அவர் வகுப்பில் முழுதாக வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டார். ஒரு அசைவு, ஒரு சுரம், அவ்வளவுதான். மறுநாள் இன்னொன்று.

இப்படித் திரும்பிப் பார்க்க முடிந்ததே அவர் கையில் அந்த அசைவு இருந்ததால்தான். அது இல்லாத ஒருவர் எவ்வளவு பொறுமையாகப் படம்பிடித்தாலும் கற்றுத்தர அங்கே ஒன்றும் இருக்காது.

கறுப்புக் கீகளில் மோகனம்

முதல் மாணவி, சத்துவாச்சாரியிலிருந்து வரும் ஒன்பது வயதுப் பெண். வீட்டில் 61 கீ கொண்ட கீபோர்டு. கட்டில்மேல் வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏற்கெனவே ஒரு வருடம் வாசித்திருக்கிறாள். பக்கத்து வீட்டு மாமியிடம் கர்நாடக சங்கீதம் கற்று கீதம் வரை வந்திருக்கிறாள். காது அருமையாக இருந்தது, கை மட்டும் இறுகிப்போயிருந்தது. விரல் நுனி மூட்டு ஒவ்வொரு அழுத்தத்துக்கும் உள்ளே மடங்கியது. லேசான கீபோர்டில் அப்படி மடங்கினாலும் ஒலி வந்துவிடும், யாரும் கவனிக்க மாட்டார்கள். பியானோவில் ஒரு கீயை இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை வேண்டும். மடங்கும் விரல் அந்த எடையை நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்காது. அதை ஈடுகட்டத் தோளை இறுக்கிக்கொண்டாள்.

ஆசிரியர் முதலில் கையைத் தொடவே இல்லை. பெஞ்சின் உயரத்தைச் சரிசெய்தார். முழங்கை கீ மட்டத்துக்கு வரும்வரை ஏற்றினார். அப்போது கால் தரையில் எட்டாமல் தொங்கியது. உள்ளே போய்ச் சாப்பிட உட்காரும் மணை இரண்டை எடுத்துவந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதன்மேல் கால்களைப் பதிய வைத்தார். தோள் தானாகவே ஒரு விரல்கடை இறங்கியது. கால் தொங்கினால் உடம்பு விழுந்துவிடுவோமோ என்று முதுகையும் தோளையும் பிடித்துக்கொள்ளும். விரலில் தெரிகிற கோளாறுக்குக் காலில் வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது, தன் உடம்பில் அந்த வலியை அனுபவித்தவருக்குத்தான் உடனே தோன்றும்.

அடுத்து நடந்த உரையாடலை அன்றே குறித்துவைத்தேன்.

"மிஸ், நான் அழுத்திட்டேதான் இருக்கேன். ஆனா சவுண்டு போயிடுது."

"அழுத்தறத விட்டுடு கண்ணு. சத்தம் வந்தாச்சு. இனிமே நீ எவ்ளோ அழுத்தினாலும் பியானோவுக்குத் தெரியாது."

பெண் நம்பவில்லை. ஆசிரியர் பியானோவின் முன்பலகையைக் கழற்றிவிட்டார். ஒரு கீயை மெதுவாக இறக்கச் சொன்னார். சுத்தியல் கம்பியை நோக்கி வந்து, தொடாமலே பின்வாங்கிவிட்டது. "அடிக்கவே இல்ல!" என்றாள். இப்போது கையைத் தளர்த்தி விழவிடச் சொன்னார். சுத்தியல் பறந்து அடித்துத் திரும்பியது. அடித்த பிறகு விரல் கீயை அமுக்கிக்கொண்டிருந்தபோது சுத்தியல் அசையாமல் நின்றதை அவள் குனிந்து பார்த்தாள். அப்புறம் தானாகவே விரலைத் தளர்த்தினாள், கீயை மட்டும் விடவில்லை. ஒலி தொடர்ந்தது. பல பேருக்கு வருடக்கணக்கில் "ரிலாக்ஸ், ரிலாக்ஸ்" என்று சொல்லியும் வராத தளர்ச்சி அவளுக்கு அன்று மாலையே வந்துவிட்டது.

வழக்கமான புத்தகங்கள் நடு சி-யில் கட்டைவிரலை வைத்து வெள்ளைக் கீகளில் ஆரம்பிக்கும். படிக்க அது எளிது. கைக்கு அப்படி இல்லை. பாரிஸில் வாழ்ந்த போலந்து இசைமேதை ஷோபன் தன் மாணவர்களுக்கு வெள்ளைக் கீகள் மட்டுமே வரும் சி மேஜர் சுர வரிசையைக் கடைசியாகத்தான் கொடுத்தார், ஐந்து கறுப்புக் கீகளும் வரும் பி மேஜரில் தொடங்கினார். நீளமான நடு விரல்கள் உயர்ந்த கறுப்புக் கீகளிலும், குட்டையான கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளையிலும் இயல்பாக விழும் என்பதே அவர் கணக்கு. இந்த ஆசிரியரும் கறுப்பிலேயே தொடங்கினார். மூன்று கறுப்பு சேர்ந்திருக்கும் இடத்தில் இரண்டு, மூன்று, நான்காம் விரல்கள். பிறகு இரண்டு கறுப்பு சேர்ந்திருக்கும் இடம்.

இரண்டாவது வாரம் அந்தப் பெண் நாலரைக் கட்டையில், அதாவது மூன்று கறுப்புகளில் முதலாவதில், தொடங்கி ஐந்து கறுப்புக் கீகளையும் வரிசையாக வாசித்தாள். நிறுத்தினாள். மறுபடி வாசித்தாள். "மிஸ், இது மோகனம்." ஆமாம், ச ரி க ப த, அப்படியே மோகனம். ஆசிரியர் மேல்நாட்டு இசையில் வளர்ந்தவர் என்றாலும், ஒலிப்பதிவுகளில் ராகம் தெரிந்த கலைஞர்களோடு உட்கார்ந்து பழகியவர். உடனே, "சரி, இப்போ அடுத்த கறுப்பை ச-வா வெச்சுப் பாரு" என்றார். ஐந்தரைக் கட்டையில் தொடங்கினால் மத்யமாவதி. ஆறரையில் இந்தோளம். ஒன்றரையில் சுத்த சாவேரி. இரண்டரையில் சுத்த தன்யாசி. ஐந்து கீகளில் ஐந்து ராகம். அவளுக்குத் தெரிந்தது இரண்டுதான், மற்றதைப் பாடிப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். மோகனத்தில் தான் கற்ற கீதத்தை அன்றே கறுப்புக் கீகளில் தேடிப் பிடித்துவிட்டாள். நோட்டேஷன் என்று ஒரு கோடுகூட அதுவரை அவள் முன்னால் வைக்கப்படவில்லை.

அதன்பிறகுதான் கடினமான வேலை. கீதத்தை வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் குத்திக்கொண்டு நின்றது. ஆசிரியர் ஒரு சுரத்தை அடிக்கச் சொல்லி, அது தேய்வதைக் கண்மூடிக் கேட்கச் சொன்னார். "இப்போ எவ்ளோ சத்தம் மிச்சம் இருக்கோ, அந்த அளவுல அடுத்த சுரத்த வை." முந்தைய ஒலி தேய்ந்து நிற்கும் மட்டத்தில் அடுத்த ஒலி பிறந்தால், காது இரண்டையும் ஒரே இழையாகச் சேர்த்துக்கொள்ளும். பியானோவைப் பாடவைக்கும் சூட்சுமங்களில் இது தலையாயது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இது எட்டாது என்று நான் நினைத்திருப்பேன். குரலில் ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருந்தவள் என்பதால் எட்டியது.

வருட முடிவில் அவள் நிலை: இரண்டு கையும் சேர்ந்த எளிய பாட்டுகளைச் சீரான ஒலியோடு வாசிக்கிறாள். நுனி மூட்டு மடங்குவதில்லை. நோட்டேஷன் படிப்பது இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. காதால் பிடித்துவிட முடிவதால் கண்ணுக்கு வேலை கொடுக்கச் சோம்புகிறாள். ஆசிரியர் இப்போது அதில்தான் கவனம் வைக்கிறார். தாள எண்ணிக்கைக்கு 'ஒன் டூ த்ரீ' வேண்டாம் என்று விட்டுவிட்டார். மூன்றடித் தாளத்துக்கு 'தகிட', ஒரு அடியை நாலாகப் பிரித்தால் 'தகதிமி' என்று வாயால் சொல்லியே வாசிக்கிறாள்.

நிற்காமல் வாசிக்கிற சிஸ்டர்

இரண்டாமவர் முப்பதுகளில் இருக்கும் செவிலியர், பாகாயத்தில் குடியிருப்பவர். அவருடைய ஆசை ஒன்றே ஒன்று. வீட்டு ஜெபத்தில், தமிழ்ச் சபைகளின் பாட்டுப் புத்தகமான பாமாலையின் பாட்டுகளுக்குத் தானே வாசிக்க வேண்டும். சுழற்சி முறை டியூட்டி என்பதால் வகுப்பு நாள் வாராவாரம் மாறும். வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளும் டிஜிட்டல் பியானோ. தினமும் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் கிடைக்காது.

பெரியவர்களுக்கு வரும் தொல்லை வேறு மாதிரி. புத்தி உடனே புரிந்துகொள்கிறது, கை பின்தங்குகிறது, அந்த இடைவெளி அவமானமாக இருக்கிறது. ஒரு சுரம் தவறினால் போதும், நின்று, முகம் சுளித்து, "ஐயோ அக்கா, மறுபடி" என்று முதலிலிருந்து தொடங்குவார். இதனால் எல்லாப் பாட்டிலும் முதல் வரி மட்டும் நன்றாக இருந்தது. கடைசி வரி கைக்கு வரவே இல்லை.

பாமாலை ராகங்கள் மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலுக்கு எழுதப்பட்டவை. தொடக்க நிலையில் இரண்டு கையால் நாலு குரலையும் பிடிப்பது இமாலய வேலை. இடக்கை டெனரையும் பேஸையும் சேர்த்துப் பிடிக்கப்போனால் சில இடங்களில் எட்டுச் சுரத்துக்கு மேல் விரிய வேண்டும். ஆசிரியர் பேஸ் குரலை மட்டும் எடுத்தார். இடக்கையில் ஒரு நேரத்தில் ஒரே சுரம். மேல் குரலைத் தானே பாடினார்.

"நான் பாடுவேன், நீங்க கீழ பிடிங்க. தப்பினா விட்டுடுங்க, அடுத்த சொல்லுல சேந்துக்கலாம். நான் நிக்க மாட்டேன் சிஸ்டர்."

நிற்கவும் இல்லை. செவிலியர் மூன்று சுரங்களைத் தவறவிட்டு, நான்காவதில் வந்து ஒட்டிக்கொண்டார். அடுத்த சரணத்தில் இரண்டு தவறின. பாட்டு முடிந்தது. முழுப் பாட்டு ஒன்றை முடித்தது அதுவே முதல் முறை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. கண் கலங்கியிருந்தார்.

உடன் வாசிக்கிறவரின் தொழில்ரகசியம் இது. பாடுகிறவர் காத்திருக்க மாட்டார். விட்டுவிட வேண்டிய சுரம் எது, விடவே கூடாத சுரம் எது என்று நொடியில் தீர்மானிக்க வேண்டும். வரியின் முடிவில் வரும் பேஸ் சுரத்தை விடக்கூடாது, நடுவில் நழுவினால் பரவாயில்லை. வழக்கமான பாடத்திட்டத்தில் இந்த அறிவு பல வருடங்கள் கழித்துத்தான் வரும், வராமலே போவதும் உண்டு. இருபது வருடம் மேடையில் பாடகர்களைக் காப்பாற்றிய ஒருவரிடம் சேர்ந்ததால், இந்தச் செவிலியருக்கு முதல் மாதத்திலேயே கிடைத்தது. பத்து நிமிடப் பயிற்சியை எப்படிச் செலவிட வேண்டும் என்பதும் அதிலிருந்தே வந்தது: கடைசி வரியை முதலில், பிறகு அதற்கு முந்தைய வரியோடு சேர்த்து, இப்படிப் பின்னாலிருந்து முன்னால். வருட முடிவில் மேல் குரலும் பேஸும் சேர்த்து ஐந்தாறு பாமாலைகள் கையில் இருக்கின்றன. ஆல்டோ குரலை ஒன்றில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்.

டிரான்ஸ்போஸ் பொத்தான்

மூன்றாமவர் ஆற்காட்டிலிருந்து வரும் பொறியியல் மாணவர். சர்ச்சில் சில வருடங்களாக கீபோர்டு வாசிக்கிறார். எந்தக் கீர்த்தனையைப் பாடினாலும் இரண்டு வரிக்குள் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, பிடித்துவிடுவார். ஆரம்பநிலை என்று அவரைச் சேர்த்துக்கொண்டது சரியா என்று நானே முதலில் யோசித்தேன். பியானோவில் உட்கார்ந்ததும் சந்தேகம் தீர்ந்தது. அவருக்குத் தெரிந்தது சி மேஜர் ஒன்றுதான். யார் எந்தக் கட்டையில் பாடினாலும், கீபோர்டின் சுருதியை மாற்றித்தரும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டு அதே கீகளை வாசிப்பார். நம் ஊர் சர்ச்சுகளில் இது பரவலான வழக்கம், அவசரத்துக்கு உதவுவதும்தான். பியானோவில் அந்தப் பொத்தான் இல்லை. தவிர, கீபோர்டே தாளம் போடும் ரிதம் ஸ்டைல் ஓடிக்கொண்டிருந்தால்தான் அவர் தாளம் நிற்கும். வலது கால் பெடலை மிதித்தால் எடுக்கவே எடுக்காது.

ஆசிரியர் அவரைக் குறைசொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. "தம்பி, உன் காது சொத்து. அத வெச்சே போலாம்" என்று ஆரம்பித்தார். இளைஞர் நன்றாக அறிந்த ஒரு கீர்த்தனையை ஒரு கட்டையில் வாசிக்கச் சொன்னார். அடுத்து ஐந்து கட்டையில். ஒரே ஒரு கறுப்புக் கீதான் புதிது. அப்புறம் நாலு கட்டையில், அங்கேயும் ஒரே ஒரு கறுப்பு. வாரம் ஒரு கட்டை என்று நகர்ந்தார்கள்.

பெடலுக்கு அதிக நாள் பிடித்தது. மிதித்தால் எல்லாக் கம்பிகளின் மேலிருந்தும் தடுப்பு எழும்பிவிடும், அடித்தது எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும். கார்டு மாறும்போது பழையது அழிய வேண்டும், புதியது பிடிபட வேண்டும். அதற்குக் கை இறங்கும்போது கால் எழும்ப வேண்டும், ஒலி பிறந்த பிறகு கால் மறுபடி இறங்க வேண்டும். கையும் காலும் எதிரெதிராக நடக்கிற வேலை. ஆசிரியர் சில வாரம் பெடலையே தொடவிடவில்லை. வெறும் விரலால் கார்டுகளை இணைக்கச் சொன்னார். இளைஞருக்கு வெறுப்பாக இருந்தது. "மேடம், சர்ச்ல இப்படி வாசிச்சா வறட்டுன்னு இருக்கும்" என்றார். வறட்டென்றுதான் இருந்தது. ஆனால் அந்த வறட்சியில்தான் தன் இடக்கை எல்லா அடியிலும் ஒரே பலத்தில் இடித்துக்கொண்டிருப்பதை முதன்முறையாகக் கேட்டார். ஸ்டைலும் பெடலும் இத்தனை வருடம் அதை மூடி வைத்திருந்தன.

இவரிடம் தெரிந்த மாற்றம் மூவரிலும் குறைவு. இடக்கை இடிப்பது பாதி குறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் நடுவே பழைய பழக்கம் திரும்பி வந்துவிடுகிறது. என் கருத்துக்கு வலுவான ஆதாரமாக நான் எடுத்துக்கொள்வது இவரைத்தான். திறமையில் மற்ற இருவரையும் விட மேலானவர். தவறான பழக்கம் நாலைந்து வருடம் படிந்த பிறகு சரியான ஆசிரியரிடம் வந்தார். ஒன்றும் தெரியாமல் வந்த செவிலியர் மூன்று மாதத்தில் அடைந்த தளர்வான கை இவருக்கு ஒரு வருடமாகியும் முழுதாக வரவில்லை.

தேர்வு கேட்டவர்கள்

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு சிறுவன் சேர்ந்தான், இரண்டு மாதத்தில் நின்றுவிட்டான். ஆறு மாதத்தில் முதல் கிரேடு எழுத வேண்டும் என்பது தந்தையின் எதிர்பார்ப்பு. ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் தந்தையைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்துவைத்து, பஸ் பிடித்துப் பிள்ளையைக் கூட்டிவருகிறவருக்குக் கையில் ஒரு சான்றிதழ் இருந்தால் ஆறுதல்.

தேர்வுமேல் ஆசிரியருக்குப் பகை இல்லை. மதிப்பெண் கணக்கைத்தான் அவர் சுட்டிக்காட்டுவார். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் நேர்முகக் கிரேடு தேர்வில் மொத்தம் 100. மூன்று பாட்டுகளுக்குத் தலா 22, ஆக 66. ஸ்கேல் எனும் சுர வரிசை முதலான பயிற்சிகளுக்கு 14. பார்த்தவுடன் வாசித்தல், காதுத் தேர்வு போன்றவற்றில் இரண்டுக்குத் தலா 10. தேர்ச்சிக்கு 60 போதும். வருடம் முழுக்க மூன்று பாட்டை மட்டும் உருப்போட்டுக்கொண்டு, மற்றதில் அரைகுறையாக இருந்தாலும் ஒரு பிள்ளை தேறிவிட முடியும். சான்றிதழ் வரும், நாலாவது பாட்டைத் தானாக எடுத்து வாசிக்க வராது. முதல் வருடம் முழுக்கப் பல சிறிய பாட்டுகளை வாசித்த பிள்ளை, அதன்பின் தேர்வுக்கு உட்கார்ந்தால் அந்த 34 மதிப்பெண்ணும் தானாக வந்து சேரும் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகப் படுகிறது. ஆனால் இதைச் சேர்க்கும் அன்றே பெற்றோரை உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சிறுவன் போன பிறகுதான் அந்த வழக்கம் வந்தது. இப்போது முதல் மாதம் முழுக்கப் பெற்றோரில் ஒருவர் வகுப்பில் உட்கார வேண்டும் என்பது நிபந்தனை.

ஆரம்பநிலைப் பிள்ளைக்குப் பெரிய கலைஞர் பாடம் சொல்வது இசை உலகுக்குப் புதிதும் இல்லை. 1720இல் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், ஒன்பது வயதான தன் மூத்த மகனுக்காக ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்கினார். சுர எழுத்துகளின் அறிமுகம், அலங்காரங்களின் விளக்கம், பிறகு எந்த விரலை எங்கே வைப்பது என்று எண் போட்டு ஒரு சின்னப் பாட்டு. அத்தனை பெரிய இசைமேதை உட்கார்ந்து விரல் எண் எழுதினார். நம் பக்கத்தில் மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் இளையராஜாவுக்கு மேல்நாட்டு இசையின் அடிப்படைகளைக் கற்றுத்தந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை.

எதிர்வாதம் ஒன்று மிச்சம் இருக்கிறது. எல்லா ஆரம்பநிலைப் பிள்ளைகளுக்கும் இப்படி ஒருவர் எங்கே கிடைப்பார்? மாவட்டத்துக்கு ஒருவர் கிடைத்தாலே அதிகம். இந்த ஆசிரியரால் ஒரு நேரத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் எடுக்க முடியவில்லை, வரிசையில் அதைவிடக் கூடுதலாகக் காத்திருக்கிறார்கள். வருடத்தின் கடைசி மாதங்களில் இதற்கு ஒரு வழி தானாகத் திறந்தது. சத்துவாச்சாரியிலும் வாலாஜாபேட்டையிலும் வீட்டில் கீபோர்டு வகுப்பு எடுக்கும் இருவர், ஞாயிறு மதியம் தங்களுக்கும் சொல்லித்தர முடியுமா என்று கேட்டு வந்தார்கள். தாங்களும் ஆரம்பத்திலிருந்தே தொடங்கத் தயார் என்றார்கள். அவர்களிடம் ஆசிரியர் பாட்டு எதையும் எடுக்கவில்லை. பெஞ்சு உயரம், கால் பதியும் இடம், நுனி மூட்டு, கீ இறங்கிய பிறகு விரல் தளர்கிறதா என்று பார்ப்பது, கறுப்புக் கீகளில் முதல் மாதம். இவ்வளவுதான். வாலாஜாபேட்டைக்காரர் போன வாரம் தன் மாணவர்களில் ஒரு பையனின் கையைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். மணிக்கட்டு ஏன் இறுகுகிறது என்று பிடிபடவில்லையாம். ஆசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு, பையன் உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியின் உயரத்தை அளந்து சொல்லுங்கள் என்று பதில் போட்டார்.